சாட்சி நாற்காலி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு அன்று காய்ச்சல் இல்லை. தூக்கக் கலக்கம் இல்லை. பேய்ப்படம் பார்க்கும் பழக்கமும் கிடையாது. டிவியில் அப்படி ஏதாவது வந்தால் எழுந்து போய்த் துணி மடிக்கிற ஆள் நான். நடந்தது நடுராத்திரியிலும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஜன்னலில் வெயில் இருக்கும்போதே நடந்தது. அதனால்தான் இன்றைக்கும் இருட்டைவிட சாயங்கால வெயில் என்றால்தான் எனக்கு அதிக பயம்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விண்கலங்களின் தகவல்களைச் சேர்த்துவைக்கும் அலுவலகம் ஒன்றில் கணினி நிரல் எழுதுகிறேன். ஒரு விண்கலம் எந்த நொடியில் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, அதற்கு நாம் என்ன கட்டளை அனுப்பினோம் என்பதெல்லாம் ஆயிரக்கணக்கான கோப்புகளாக இருக்கும். பயணம் முடிந்துபோன விண்கலத்தின் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, சரிபார்த்து, கடைசியில் மொத்தமாகப் பூட்டிவிடுவோம். அதற்குப் பிறகு யாராலும் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

கோப்பை இரண்டு விதமாகத் திறக்கலாம். படிக்க மட்டும், அல்லது எழுத. படிக்க மட்டும் திறப்பது, ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று குழந்தையைப் பார்ப்பது மாதிரி. பார்க்கலாம், தொட முடியாது. எந்த விதம் என்று நிரலில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திறந்ததும் கணினி ஒரு டோக்கன் எண் கொடுக்கும். படிக்க மட்டும் என்றால் வெறும் எண். எழுத என்றால் எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி. மைனஸைக் கண்டால் எங்களில் யாருக்கும் கை தானாகப் பின்னால் வரும், சூடான பாத்திரத்தைத் தொட்ட மாதிரி.

எழுதத் திறப்பதற்கு ஒரு முறை உண்டு. தனியாகச் செய்யக் கூடாது. அதற்கென்றே ஒரு சின்ன அறை. அதில் இரண்டு நாற்காலிகள். ஒன்று கணினிக்கு முன்னால், எழுதுகிறவருக்கு. மற்றது அவருக்குப் பின்னால், ஜன்னலோரம். அதற்குச் சாட்சி நாற்காலி என்று பெயர். எழுதுகிறவர் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிப்பார். சாட்சி, திரையில் இருப்பதைக் கண்ணால் பார்த்து, "பாத்தேன்" என்பார். அப்புறம்தான் அடுத்த வரி.

என் கணவர் அந்த அறையில்தான் வேலை பார்த்தார். எழுதுகிற நாற்காலியில்.

அவருக்குச் சாட்சியாக உட்கார்ந்தவரை அலாரம் அக்கா என்று கூப்பிடுவோம். குரல் அப்படி. நேரம் தவறாமையும் அப்படி. "என்னப்பா, நியூஸ் வாசிக்கிற மாதிரி இழுக்கற? படி படி" என்று அவரை விரட்டுவார். எங்கள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து, கடைசி ஆளாகப் போனவர். இருபத்திரண்டு வருஷ வேலையில் ஒரு கரும்புள்ளி கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அந்த அறையிலிருந்து ஒரு விண்கலத்துக்கு இருபத்துமூன்று வரிக் கட்டளை போனது. ஆண்டெனாவை எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்ற கட்டளை. பதினேழாவது வரியில் இருபத்துநான்கு பாகை என்று இருக்க வேண்டும். இருநூற்று நான்கு என்று போய்விட்டது. நடுவில் ஒரு பூஜ்யம். அவ்வளவுதான். விண்கலம் சொன்ன பேச்சைக் கேட்டது. பூமிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. அதற்கப்புறம் நாங்கள் கூப்பிட்டது எதுவும் அதற்குக் கேட்கவில்லை.

விசாரணையில் அலாரம் அக்கா சொன்னார்: "நான் பாக்கும்போது இருபத்திநாலுதான் இருந்துச்சு."

அதாவது, சாட்சி பார்த்த பிறகு என் கணவர் எண்ணை மாற்றியிருக்கிறார். அறிக்கையிலும் அப்படித்தான் எழுதினார்கள். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. வேலையை விட்டார். வீட்டுக் கூடத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

அடுத்த வருஷம் அலாரம் அக்கா இறந்துபோனார். தூக்கத்திலேயே. துக்கம் கேட்டுவிட்டு வீடு திரும்பிய அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கணவர் சொன்னார்:

"அன்னைக்கு அக்கா ஸ்கிரீனைப் பாக்கலை. நான் படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடியே பாத்தேன், பாத்தேன்னு சொல்லிட்டாங்க. தப்பு என் விரல்தான் பண்ணுச்சு. ஆனா நான் அப்புறமா எதையும் மாத்தலை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல அது பதிவான நேரம் இருக்கும். பிரிண்ட் எடுத்தா வராது. ஃபைலைத் திறந்தாதான் தெரியும். நீ ஒரு தடவை திறந்து பாரேன். ஊருக்காக இல்ல. உனக்குத் தெரிஞ்சா போதும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"செத்துப்போனவங்க மேல பழி போடாதீங்க."

அவர் முகம் கழுவப் போனார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

படிக்கும் அனுமதி என்னிடம் இருந்தது. ஒரே ஒரு வரி நிரல். அரை நிமிஷ வேலை. நான் திறக்கவில்லை. விசாரணைக் குழுவை நம்பினேன். அக்காவை நம்பினேன். கூடப் படுத்து எழுந்திருக்கிற மனுஷனை மட்டும் நம்பவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

அந்த விண்கலத்தின் கோப்புகளை மறுநாள் பூட்ட வேண்டும். 'கோப்புகள் அறிக்கையோடு ஒத்துப்போகின்றன' என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். அதற்காக ஒரு நிரல் எழுதியிருந்தேன். அது ஒவ்வொரு கோப்பையும் படிக்க மட்டும் திறக்கும். முதல் வரியையும் கடைசி வரியையும் எடுக்கும். மூடும். அடுத்ததற்குப் போகும். நடுவில் இருக்கும் வரிகளை என் நிரல் கேட்கவே கேட்காது. அதை அப்படி எழுதியதும் நான்தான்.

கோப்புகளின் சேமிப்புக் கிடங்கோடு இணைந்த ஒரே கணினி அந்தச் சின்ன அறையில்தான் இருந்தது. மாடியில் வேறு யாரும் இல்லை. எழுதும் வேலை நின்று மாதக்கணக்காகிவிட்டதால், சாட்சி நாற்காலிக்கு பிளாஸ்டிக் உறை போட்டு மேஜைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார்கள். நான் உள்ளே போகும்போது கால் இடித்தது. அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேஜைக்கு அடியில்தான் இருந்தது.

ஐந்து மணி வாக்கில் அவர் போன் செய்தார்.

"அம்மா தாயே, வீட்டுக்கு வர்ற உத்தேசம் உண்டா? பசங்க எல்லாம் போயாச்சு. கூட்டல் கழித்தல் சொல்லித் தர ஆள் இல்லாம நான் மட்டும் உக்காந்திருக்கேன்."

"இன்னும் கொஞ்சம்தான். முடிச்சிட்டு வந்துடறேன்."

"எந்த ஃபைல்ல இருக்க?"

நான் பதில் சொல்லவில்லை.

"சரி, பாத்து வா. ஜன்னலைச் சாத்திட்டு வா" என்று வைத்துவிட்டார்.

5:12க்கு என் நிரல் கடைசிக் கோப்புக்கு வந்தது. அந்தக் கோப்புக்கு.

திறந்தது. டோக்கன் எண் வந்தது.

முன்னால் ஒரு மைனஸ்.

என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். நிரலைப் பார்த்தேன். படிக்க மட்டும் என்றுதான் இருந்தது. அதற்கு முன்னால் திறந்த நாலாயிரம் சொச்சம் கோப்புகளுக்கும் வெறும் எண்தான் வந்திருந்தது. சரிபார்ப்புக்காகக் கிடங்குக்குப் போட்டிருந்த தற்காலிகப் பூட்டைப் பார்த்தேன். அதுவும் பூட்டித்தான் இருந்தது. அந்தப் பூட்டு இருக்கும்வரை நானே விரும்பினாலும் எழுதத் திறக்க முடியாது.

மூடிவிட்டு மறுபடி திறந்தேன்.

மறுபடியும் மைனஸ்.

பயம் என்று சொல்ல மாட்டேன். ஏதோ இயந்திரக் கோளாறு, நாளைக்கு யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாம் என்றுதான் நினைத்தேன். அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால், என் குரலையாவது கேட்கலாம் என்று தோன்றியது. பழைய வழக்கப்படி, கேலியாக, வாய்விட்டுச் சொன்னேன்:

"எழுதத் திறந்திருக்கு."

பின்னாலிருந்து பதில் வந்தது.

"பாத்தேன்."

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கழுத்து மரக்கட்டையாகிவிட்டது.

சத்தமான குரல் இல்லை. யாரோ தூரத்தில் எதையோ கவனித்துக்கொண்டே சொல்வது போன்ற குரல். மனசு இங்கே இல்லாத குரல்.

திரையில் கோப்பின் முதல் வரி வந்து நின்றது. நான் கேட்டது முதல் வரியும் கடைசி வரியும். வந்தது முதல் வரி மட்டும். அதன் ஓரத்தில், அது பதிவான நேரம். கீழே கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

மூடப் பார்த்தேன். 'வாசிப்பு முடியவில்லை, மூட இயலாது' என்று வந்தது. எழுதத் திறந்த கோப்புக்கு மட்டும் வரும் செய்தி அது. கணினியின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு ஓடிவிடலாம். ஆனால் எழுதத் திறந்திருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு உடைந்துபோகும். எந்தக் கோப்பு? அவர் 'ஒரு தடவை திறந்து பாரேன்' என்று கெஞ்சிய கோப்பு. அவருக்காகப் பேசக்கூடிய ஒரே சாட்சி. அதையும் நானே என் கையால் உடைப்பதா?

ஒரே வழிதான் இருந்தது. கடைசி வரி வரைக்கும் படித்து முடிப்பது.

மனதுக்குள் படித்தேன். கர்சர் நகரவில்லை.

வாய்விட்டுப் படித்தேன்.

"வரி ஒண்ணு. திசை பதினெட்டு."

"பாத்தேன்."

பின்னால் பிளாஸ்டிக் உறை கசங்கும் சத்தம். சரக்... யாரோ உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிற மாதிரி.

இரண்டாவது வரி வந்தது.

"வரி ரெண்டு. திசை பதினெட்டு."

"பாத்தேன்."

சரக்...

ஐந்தாவது வரி வரை என் குரல் நடுங்கியது. ஆறாவதிலிருந்து நடுக்கம் நின்றுவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பழகிப்போன வேலையை இரண்டு பேர் செய்துகொண்டிருப்பது போல் ஆகிவிட்டது. நான் படித்தேன். பின்னால் பதில் வந்தது. ஜன்னல் வெயில் மேஜை மேல் கோணலாக விழுந்து, என் கை நிழல் நீண்டிருந்தது.

ஒரு நிழல்தான் இருந்தது. என்னுடையது.

ஒன்பதாவது வரியில்தான் கவனித்தேன். பதில் சீக்கிரமாக வந்தது. நான் எண்ணைச் சொல்லி வாய் மூடுவதற்கும் "பாத்தேன்" வருவதற்கும் இடைவெளியே இல்லை.

பதினொன்றில், எண்ணின் கடைசி எழுத்து என் வாயில் இருக்கும்போதே வந்தது.

"திசை இருபத்தி ரெ..."

"பாத்தேன்."

பதின்மூன்றில், "திசை" என்று சொல்லும்போதே.

"பாத்தேன்."

'நான் படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடியே'... அவர் சொன்னது. அப்படியே. எழுத்துக்கு எழுத்து அப்படியே.

அவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கேட்டதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதினான்கு. பதினைந்து. பதினாறு.

பதில் என்னை விரட்டியது. படி படி என்று சொல்லாமல் விரட்டியது.

மணி ஐந்தரை.

பதினேழாவது வரி.

திரையில் இருநூற்று நான்கு. ஓரத்தில் அது பதிவான நேரம். 5:31:40. அதற்கு முந்தைய வரி 5:31:22. மற்ற வரிகளுக்கு நடுவிலும் அதே பதினெட்டு நொடிதான்.

அப்புறமாக யாரும் எதையும் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் அந்த நேரம் தள்ளிப் போயிருக்கும். மூன்று வருஷமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. பளிச்சென்று. ஒரு சின்னப் பிள்ளைகூடப் படித்துவிடும்.

"வரி பதினேழு," என்றேன்.

"பாத்தேன்."

நான் இன்னும் எண்ணைச் சொல்லவே இல்லை.

"இருநூத்தி..."

"பாத்தேன்."

அப்போது எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. அழுகையா, ஆத்திரமா... கத்தினேன்.

"இல்ல. நீங்க பாக்கலை!"

அமைதி.

பிளாஸ்டிக் சத்தம் இல்லை.

கர்சர் துடிக்கவில்லை.

நான் திரும்பினேன்.

சாட்சி நாற்காலி மேஜைக்கு அடியில் இல்லை. ஜன்னலோரம் இருந்தது.

திரையைப் பார்த்து இல்லை. திரைக்கு முதுகைக் காட்டி... ஜன்னலைப் பார்த்து.

யாரும் இல்லை.

ஆனால் இருக்கை அழுந்தியிருந்தது. பிளாஸ்டிக் உறையில் பள்ளம்.

நான் பார்க்கப் பார்க்க...

அந்தப் பள்ளம் மெல்ல மேலே எழும்பியது.

சரக்...

யாரோ எழுந்துவிட்டார்கள்.

எப்போது கணினி பக்கம் திரும்பினேன் என்று நினைவில்லை. திரையில் கோப்பு மூடியிருந்தது. 'சரிபார்ப்பு முடிந்தது' என்று மட்டும் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். ஜன்னலைச் சாத்தவில்லை. அந்த நாற்காலியைத் தாண்டிப் போனால்தானே சாத்த முடியும்?

வீட்டில் அவர் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் வாசல் கதவில் சாய்ந்து நின்றேன்.

"என்ன, பேயைப் பாத்த மாதிரி நிக்கற?"

"நீங்க சொன்னது நிஜம்."

"எது?"

"அக்கா... நீங்க படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடியே..."

அவர் சிவப்புப் பேனாவை மூடினார். "ஃபைலைத் திறந்தியா?"

"ம்."

"ஒரு ஃபைலைத் திறக்க மூணு வருஷமா? உன் கம்ப்யூட்டர் அவ்ளோ ஸ்லோவா?"

சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மைனஸ் குறி, பிளாஸ்டிக் சத்தம், எழும்பிய பள்ளம், எல்லாம். அவர் நம்பாதது போல் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. நான் சொன்னதை அவர் நம்பிய அந்த வேகம் எனக்கு அடி விழுந்தது மாதிரி இருந்தது.

நாற்காலி ஜன்னலைப் பார்த்து இருந்தது என்று சொன்னபோது மட்டும் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த ஜன்னல் வழியா எதிர்ல பஸ் ஸ்டாப் தெரியும்," என்றார். "அக்காவோட பொண்ணு சொல்லாம கொள்ளாம கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனாளே, ஞாபகம் இருக்கா? ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாது. அந்தப் பொண்ணு வேலை முடிஞ்சு தினமும் அஞ்சரைக்கு அந்த ஸ்டாப்புல நிப்பா. பஸ் வர்ற வரைக்கும் ரெண்டு நிமிஷம். அக்கா அந்த ரெண்டு நிமிஷம் பாப்பாங்க. அவ்வளவுதான் அவங்களுக்கு. எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துப்பேன்."

"இதை ஏன் விசாரணையில சொல்லலை?"

"சொன்னா என்ன ஆகும்? அந்தப் பொண்ணு காதுக்குப் போகும். உன்னைப் பாத்துட்டிருந்ததாலதான் உங்கம்மா மானம் போச்சுன்னு நாலு பேர் சொல்லுவாங்க. அப்ப அவ மாசமா வேற இருந்தா."

"நாளைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். இது பொய் அறிக்கை."

"போடு."

"என்னங்க..."

"போடும்மா. இப்ப அக்காவும் இல்ல. அந்தப் பொண்ணு அம்மாவை நினைச்சு அழறதுக்கு ஏதாவது நல்லதா மிச்சம் இருக்கட்டும். எனக்கு யார் நம்பணுமோ அவ நம்பிட்டா." என் தலையில் கை வைத்தார். "கொஞ்சம் லேட்டு. பரவாயில்ல."

பரவாயில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் கையெழுத்துப் போட்டேன். 'கோப்புகளைப் பார்த்தேன், அறிக்கையோடு ஒத்துப்போகின்றன.' அவர் சொன்னதால் போட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கை என்னுடையது. பேனா நடுங்கவில்லை. கிடங்கு நிரந்தரமாகப் பூட்டப்பட்டது. அவர் எண்ணை அப்புறமாக மாற்றினார் என்ற வாக்கியம் இனி எந்தக் காலத்திலும் அங்கே அப்படியே இருக்கும்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, ஒலிப்பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் பையன் என்னைக் கூப்பிட்டான். விசாரணைக்குப் பிறகு அந்த அறையில் இரண்டு மைக் வைத்திருந்தார்கள். கணினி மேல் ஒன்று, ஜன்னல் மேல் ஒன்று. கோப்பை எழுதத் திறந்தால் மட்டும் பதிவு தானாக ஓடும். அந்த அறையில் மாதக்கணக்காக யாரும் எழுதாததால் எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"மேடம், ஞாயித்துக்கிழமை எழுதத் திறந்தீங்களா?"

"இல்லையே."

"லாக்லயும் படிக்க மட்டும்னுதான் இருக்கு. மைனஸே இல்ல. ஆனா ரெக்கார்டிங் ஓடியிருக்கு. அதான் குழம்பிட்டேன். யார் கூட இருந்தா?"

"யாருமில்ல. போடுங்க, கேக்கறேன்."

காதில் ஹெட்போனை மாட்டினேன். அக்காவின் குரலைக் கேட்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

'வரி ஒண்ணு. திசை பதினெட்டு.' என் குரல்.

'பாத்தேன்.'

அதுவும் என் குரல்.

கண்ணைத் திறந்தேன். பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டும் நீங்கதான் மேடம். ஒலியை அளந்துகூடப் பாத்துட்டேன். ஆனா படிக்கறது கம்ப்யூட்டர் மைக்ல கிட்டக்க கேக்குது. பதில் சொல்றது ஜன்னல் மைக்ல. ரெண்டு மைக்கும் பத்து அடி தள்ளி இருக்கு. சரி, எழுந்து போய்ச் சொன்னீங்கன்னு வச்சிக்கலாம். இதைக் கேளுங்க."

ஓட்டினான். பதின்மூன்றாவது வரி. 'திசை' என்று என் குரல் சொல்லும்போதே, அதன் மேல் ஏறிக்கொண்டு என் குரல்: 'பாத்தேன்.'

இரண்டும் ஒரே நேரத்தில். ஒரே வாயால் அது முடியாது.

"போதும்," என்றேன்.

"கடைசி மட்டும் கேட்டுடுங்க மேடம். எனக்கு அதுதான் புரியலை."

பதினேழாவது வரி. என் கத்தல். 'இல்ல. நீங்க பாக்கலை!'

அதற்குப் பிறகு அன்று நான் கேட்டது வெறும் அமைதி. சத்தியமாக வேறு எதுவும் கேட்கவில்லை.

பதிவில் அமைதி இல்லை.

ஜன்னல் பக்கத்திலிருந்து... என் குரல். கோபமே இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி, மெதுவாக...

'நீ பாத்தியா?'

அப்புறம் பதிவு பதினோரு நொடி ஓடுகிறது. யாரோ பதிலுக்காகக் காத்திருக்கிற மாதிரி மூச்சுச் சத்தம் மட்டும்.

பிறகு நின்றுவிடுகிறது.